திருஷ்டி ஓட்டிய வெள்ளைக் கார்

பெங்களூரில் நல்லது நடந்தால் அதற்காக மனதார வருத்தப்பட்ட ஒரே மனிதர் எங்கள் கம்பெனி டிரைவர் திருஷ்டிதான். கம்பெனிக்குப் பெரிய ஆர்டர் வந்தால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. யாருக்காவது சம்பளம் உயர்ந்துவிட்டால், துக்கம் விசாரிக்க வந்தவர்போல நாற்காலி நுனியில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, “இது எத்தினி பேருக்குத் தெரியும்?” என்று கேட்பார். “எல்லாருக்கும் தெரியும்” என்று சொன்னால் தலையில் கை வைத்துக்கொள்வார்.

சம்பளச் சீட்டில் அவருக்கு வேறு ஏதோ பெயர் இருந்தது. அதை வைத்துக் கூப்பிட்டால் அவரே திரும்ப மாட்டார். மர்பி டவுனிலிருந்து தினமும் சைக்கிளில் வருவார். ஐம்பதை நெருங்கிய ஒல்லி உடம்பு, காக்கிச் சட்டை, சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு எலுமிச்சம்பழம். கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது என்பார்கள். அந்தப் பழமொழியை மற்றவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள், இவர் அதை நம்பிக் குடித்தனம் நடத்தினார்.

நான் அப்போது ஆடுகோடியில் அந்தச் சின்ன ஸ்பிரிங் கம்பெனியில் பர்சேஸ் பிரிவில் இருந்தேன். பிரிவு என்றால் நான் ஒருத்திதான். வேலைக்குச் சேர்ந்த அன்றே திருஷ்டி என் மேஜைக்கு வந்து, புத்தம்புது ஃபேக்ஸ் மெஷினில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டினார். மறுவாரம் பழம் அழுகி, சாறு உள்ளே இறங்கி, மெஷின் நிரந்தரமாக வாயை மூடிக்கொண்டது. நான் பதறிப்போய் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார்.

“பாத்தியாமா? கட்டின அப்பறமே இந்தக் கதி. கட்டாம வுட்டிருந்தா இன்னா ஆயிருக்கும்?” என்றார்.



வெளியூரிலிருந்து யாராவது கம்பெனியைப் பார்க்க வந்தால், ஷெட்டுக்குள் முதலில் ஓடிவருவது திருஷ்டிதான். “எல்லாம் மூஞ்ச தொங்கப் போட்டுக்கோங்கப்பா. ஆனந்தமா கீறோம்னு எவனுக்கும் தெரியக் கூடாது” என்று சொல்லிக்கொண்டே போவார். எங்களுக்கு அதில் பெரிய சிரமம் இருக்கவில்லை. போனஸ் பற்றி ஒரு நிமிடம் யோசித்தால் முகம் தானாகத் தொங்கிவிடும்.

இப்படியிருந்த மனிதரின் கையில், இரண்டாயிரத்துச் சில்லறை வருடங்களில் ஒரு நாள், முதலாளி ஒரு வெளிநாட்டு வெள்ளைக் காரின் சாவியைக் கொடுத்தார்.

திருஷ்டி காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். கண் கலங்கிவிட்டது. “சார், ஒரு ஆணி குடுங்க” என்றார்.

“எதுக்குப்பா?”

“பின்னாடி ஒரு கோடு போட்டுர்றேன். கொறை இல்லாத பொருள ஊரு சும்மா வுடாது சார்.”

முதலாளி அவசரமாகச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மல்லேஸ்வரத்துக்காரர், பரம்பரையாக அரசாங்க வேலை பார்த்த குடும்பம், கோபம் வந்தாலும் கத்தத் தெரியாதவர். நெடுநேரப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஒரு கறுப்புப் பொட்டோடு விஷயம் முடிந்தது. மறுநாள் பின் பம்பரில் ஒரு பழைய செருப்பு தொங்கியது.

“இது என்னப்பா, செருப்பு?”

“பழசுதான் சார்” என்றார் திருஷ்டி, முதலாளியின் ஆட்சேபம் செலவைப் பற்றியது என்று நினைத்து.

ஆனால் அந்தக் காரை அவர் பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் பெற்ற பிள்ளையைக்கூடப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். காலையில் வந்ததும் துடைப்பார். துடைத்து முடித்ததும் நாலடி பின்னால் போய் நின்று, துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருப்பார். அப்போது மட்டும் அவர் முகத்தில் கவலை இருக்காது.

ஆயுத பூஜை வந்தது. பெங்களூரில் அன்றைக்கு வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சாம்பல் பூசணிக்காயில் குங்குமமும் காசும் போட்டுச் சுற்றி நடுரோட்டில் உடைப்பார்கள். மறுநாள் அந்தத் தெருக்களில் ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள் வேறு வேண்டுதல்கள் செய்துகொள்வார்கள். திருஷ்டிக்கு இந்த முறையில் திருப்தி இல்லை. பூசணிக்காயை மனிதன் உடைத்தால் மனிதன் திருஷ்டிதான் போகும், வண்டி திருஷ்டி போக வண்டியேதான் உடைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. கம்பெனி டெம்போவுக்கு வருடா வருடம் அப்படித்தான். முன் சக்கரத்தடியில் முழுப் பூசணிக்காயை வைத்து ஏற்றுவார், அது நசுங்கிப் போகும்.

வெள்ளைக் காருக்கும் சக்கரத்தடியில்தான் வைத்தார். முதலாளியின் மனைவி, “டயர்ல குங்குமம் ஒட்டினா போகாதுப்பா, தள்ளி வை” என்றார். திருஷ்டி யோசித்தார். சக்கரத்திலிருந்து தள்ளி, காருக்கு முன்னால் நட்ட நடுவில் வைத்தார். “ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, நாயி கண்ணு, நரி கண்ணு, கொள்ளிக் கண்ணு, நொள்ளக் கண்ணு” என்று சொல்லிக் கற்பூரம் சுற்றினார். பிறகு உள்ளே ஏறி, கண்ணை மூடிக் கும்பிட்டு, காரை எடுத்தார்.

டொம் என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு ‘கர்ர்ர்’ என்று இழுபடும் சத்தம். காருக்குப் பின்னால் வெள்ளையும் சிவப்புமாகப் பூசணிக்காய்த் துண்டுகள் சிதறின. நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். திருஷ்டி இறங்கி வந்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

“இன்னா சத்தம் கேட்டியாமா? மொத்தமும் போயிடுச்சி” என்றார்.

இரண்டு நாள் கழித்து ஓசூர் ரோட்டில், காரின் டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. அது என்ன விளக்கு என்று திருஷ்டிக்குத் தெரியாது. தெரியாத விளக்கு எரிந்தால் யாரோ கண் வைத்திருக்கிறார்கள் என்பது தெரியும். விளக்கின் மேல் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தார். விளக்கு மறைந்துவிட்டது. அப்படியே ஒரு வாரம் ஓட்டினார். முதலாளி ஒரு நாள் முன் சீட்டில் உட்கார்ந்தபோதுதான் டாஷ்போர்டில் அம்மன் சன்னதிபோல ஒன்று இருப்பதைக் கவனித்தார். விரலால் வழித்துப் பார்த்தார். உள்ளே மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சர்வீஸ் சென்டரில் டை கட்டிய ஒருவர் காருக்குள் ஒரு ஒயரைச் செருகி, கையிலிருந்த கருவியைப் பார்த்துவிட்டு, டாக்டர் மாதிரி மூச்சு விட்டாராம். “கேட்டலிடிக் கன்வெர்ட்டர் எஃபிஷியன்சி குறைஞ்சு போச்சு சார்” என்றாராம். எஞ்சினிலிருந்து புகை வெளியே போகும் வழியில், காரின் வயிற்றுக்கு அடியில் ஒரு டப்பா இருக்கிறது. நச்சுப் புகையைச் சுத்தம் செய்வது அதன் வேலை. டப்பாவுக்கு முன்னால் ஒரு சென்சர், பின்னால் ஒரு சென்சர். உள்ளே போகும் புகையும் வெளியே வரும் புகையும் ஒரே மாதிரி இருப்பதாக இரண்டும் சொன்னால், டப்பா வேலை செய்யவில்லை என்று கார் முடிவு கட்டி விளக்கைப் போட்டுவிடும். இதை முதலாளி வந்து எங்களுக்கு விளக்கினார். திருஷ்டி வெளிறிப்போனார்.

“அடியில ரெண்டு கண்ணு கீதா சார் அதுக்கு? கம்பெனிக்காரனே வெச்சி அனுப்பிட்டானா?”

 முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டு, “இந்த வயசு காருக்கு அந்த டப்பா போகாதாம். பெட்ரோல்ல கலப்படம் இருந்தாத்தான் போகுமாம். எங்கே பெட்ரோல் போடறே?” என்று கேட்டார்.

 கேள்வியின் அர்த்தம் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. மட்டமான பெட்ரோலை எங்கேயோ குறைந்த விலைக்குப் போட்டுவிட்டு, நல்ல பங்க் பில்லைக் கொண்டுவந்து கொடுக்கிறாயா என்பதுதான் அது. பதினெட்டு வருடம் அந்தக் கம்பெனியின் பணத்தை பேங்குக்கு எடுத்துப்போன மனிதரிடம் கேட்ட கேள்வி.

“எப்பவும் போடற பங்க்லதான் சார்” என்றார் திருஷ்டி.

“சரி” என்றார் முதலாளி. கையை நீட்டினார். திருஷ்டி சாவியைக் கொடுத்தார்.

அவ்வளவுதான் நடந்தது. யாரும் திட்டவில்லை, வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. அன்று மத்தியானம் டெம்போவுக்குள் உட்கார்ந்திருந்த அவரிடம் போய், “ஏன் அண்ணா சும்மா நின்னீங்க? நான் அப்படிப்பட்டவன் இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே?” என்று கேட்டேன்.

“அவரு திருடன்னு சொல்லலியேமா. சொல்லியிருந்தா இல்லன்னு சொல்லியிருப்பேன். சொல்லாததுக்கு இன்னா பதில் சொல்றது?” என்றார். டிபன் டப்பா திறக்காமல் பக்கத்தில் கிடந்தது. “ரொம்ப பேஜாரா கீதுமா. வூட்ல இன்னும் சொல்லல.”

புது டப்பா வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், சில வாரங்கள் ஆகும் என்றார்கள். ஆர்டர் போட வேண்டியது பர்சேஸ், அதாவது நான். அந்த டப்பா வந்து மாட்டி விளக்கு அணைந்துவிட்டால், திருஷ்டி திருடன் என்பது ஊர்ஜிதமாகிவிடும். வந்து சேருவதற்குள் வேறு ஏதாவது காரணம் கண்டுபிடித்தாக வேண்டும். முதலாளியிடம் போய், “சார், வேற இடத்துலயும் காட்டிப் பாக்கலாமே” என்றேன். அவர் உடனே எழுந்து கார் சாவியை எடுத்துக்கொண்டார். அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

அதன்பின் நானும் முதலாளியும் ஏறி இறங்காத காரேஜ் ஆடுகோடியில் இல்லை. ஒருவர் சென்சரை மாற்றச் சொன்னார், மாற்றினோம். விளக்கு எரிந்தது. இன்னொருவர் ஒரு பாட்டில் மருந்தைப் பெட்ரோலில் ஊற்றினார். கார் அதையும் குடித்தது, விளக்கு எரிந்தது. மூன்றாமவர், “எல்லாம் டிராஃபிக்ல உருண்டு உருண்டு வந்த கரி சார், ஓசூர் வரைக்கும் வெரட்டிப் போயி வாங்க” என்றார். முதலாளி ஜன்மத்தில் ஓட்டாத வேகத்தில் ஓட்டினார், நான் கண்ணைத் திறக்கவில்லை. ஓசூரில் காபி குடித்துவிட்டுத் திரும்பினோம், விளக்கும் கூடவே திரும்பி வந்தது. நாலாமவர் பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினார். விளக்கு அணைந்துவிட்டது. முதலாளி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு நாள் முழுக்க அணைந்தே இருந்தது. மறுநாள் கோரமங்களா திரும்பும்போது மறுபடி எரிந்தது. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் நாங்கள் இருவரும் கம்பெனி வந்து சேர்ந்தோம்.

எல்லாரும் பானெட்டைத் திறந்து பார்த்தார்கள். ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

இதற்கு நடுவில் முதலாளியின் மனைவி வேறு ஒரு புகார் சொல்லிக்கொண்டிருந்தார். “ஏங்க, இந்தக் கார்ல கூட்டு வாசனை வருது.”

“அது அழுகின முட்டை வாசனை. கன்வெர்ட்டர் போனா அப்படித்தான் வருமாம்” என்றார் முதலாளி.

“முட்டை வாசனை எனக்கு எப்படித் தெரியும்? கூட்டு வாசனை தெரியும். இது பூசணிக்காய்க் கூட்டு, கொஞ்சம் அடிப்பிடிச்சிருக்கு.”

சமையல்கட்டு நினைப்பு என்று முதலாளி அதை ஒதுக்கிவிட்டார். நானும்தான் ஒதுக்கினேன்.

திருஷ்டி டெம்போ மட்டும் ஓட்டினார். யார் வந்தாலும் முகத்தைத் தொங்கப் போடச் சொல்லவில்லை. பையில் எலுமிச்சம்பழம் இல்லை. ஒரு நாள் எனக்குச் சம்பளம் உயர்ந்தது. அவரிடம் போய்ச் சொன்னேன், வருத்தப்படுவார் என்ற ஆசையில். “நல்லதுமா” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

டப்பா வந்தது. சர்வீஸ் சென்டருக்கு முதலாளி காரில் முன்னால் போனார். மாட்டிய பிறகு பழைய டப்பாவை ஏற்றிவர டெம்போ வேண்டும் என்பதால் திருஷ்டியும் நானும் பின்னால் போனோம்.  காரை லிஃப்டில் ஏற்றி, தலைக்கு மேலே தூக்கினார்கள். எங்களுக்குக் காரின் வயிறு தெரிந்தது. மெக்கானிக், டப்பாவைச் சுற்றியிருந்த தகரத்தைக் கழற்றினார்.

பொலபொலவென்று ஏதோ கொட்டியது. அவர் தலையில், தோளில், தரையில். குனிந்து பொறுக்கிப் பார்த்தேன். பூசணி விதை. நன்றாக வறுபட்டிருந்தது. பின்னாலேயே கருகிய நார் ஒரு கைப்பிடி விழுந்தது. கடைசியில், குங்குமம் ஒட்டிய ஒரு ரூபாய்க் காசு ஒன்று ‘டிங்’ என்று விழுந்து, உருண்டு போய், டை கட்டியவரின் ஷூவில் மோதி நின்றது.

மெக்கானிக் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். பூசணிக்காய் இடித்த இடி டப்பாவில் இல்லை. டப்பாவுக்கும் பின் சென்சருக்கும் நடுவில் குழாய் சேரும் இடத்தில் விழுந்திருந்தது. அந்த மூட்டு கோணி, அதை அடைத்திருந்த கேஸ்கெட் கிழிந்து, வெளிக்காற்று உள்ளே கசிந்துகொண்டிருந்தது. பின் சென்சருக்குக் காற்று கலந்த புகை போனதால் அது தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தது. மூட்டை நிமிர்த்தி, புது கேஸ்கெட் வைத்து, ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார்கள். பழைய டப்பா நன்றாகவே வேலை செய்தது. பெட்ரோலில் ஒரு குறையும் இல்லை. டை கட்டியவர் காசை எடுத்து முதலாளியிடம் கொடுத்துவிட்டு, போன் வராமலேயே போன் பேசப் போய்விட்டார்.

முதலாளி சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு திருஷ்டிக்கு எதிரே வந்து நின்றார். “நான் தப்பா நினைச்சுட்டேன்ப்பா. மனசுல வெச்சுக்காதே” என்று சாவியை நீட்டினார்.

திருஷ்டி சாவியைத் தொடவில்லை. கீழே கிடந்த விதைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பழி நீங்கிய மனிதரின் முகமாக அது இல்லை. நாங்கள் அத்தனை நாள் பட்ட பாடெல்லாம் அவரைக் காப்பாற்றத்தான். காப்பாற்றி முடித்த நிமிடத்தில் அவர் இடிந்துபோய் நின்றார்.

“திருடன்னு நெனச்சீங்க, அத்த தாங்கினேன் சார். நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும் இல்ல” என்றார். “இது நான் பண்ணதுதானே.”

“பூசணிக்காய் பண்ணினது. அதை நடுவிலே வைக்கச் சொன்னதே என் பெண்டாட்டிதான்” என்றார் முதலாளி.

“பூசணிக்கா ஒண்ணியும் பண்ணாது சார். பதினெட்டு வருசமா டெம்போவுக்கு ஏத்தறேன், ஒரு கீறல் வுழுந்துச்சா? அந்த டெம்போவ நான் ஒரு நாளும் ஆசையா பாத்ததில்ல. இத்த தெனம் பாத்தேன் சார். தொடச்சிட்டு நின்னு நின்னு பாத்தேன். ஊரு கண்ணெல்லாம் சுத்திப் போட்டேன், என் கண்ண வுட்டுட்டேன்.”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் முதலாளியைப் பார்த்தேன். இதற்கு எந்த காரேஜில் ஸ்கேனர் இருக்கிறது?

திருஷ்டி மறுபடி அந்தக் காரை ஓட்டவே இல்லை. முதலாளி எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் தானே ஓட்டிக்கொண்டார். கார் கம்பெனி கேட்டுக்குள் நுழைந்தால் திருஷ்டி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். நாளாக ஆக இது காரோடு நிற்கவில்லை. முதலாளியின் மகள் காலேஜில் முதலாவதாக வந்து எல்லாருக்கும் இனிப்புக் கொடுத்தபோது, அவள் செருப்பைப் பார்த்தபடியே வாங்கிக்கொண்டார். திருஷ்டியின் தம்பிக்கு நெடுங்காலம் கழித்து ஆண்குழந்தை பிறந்தது, போய்ப் பார்க்கவே மாட்டேன் என்று வீட்டில் சண்டை. ஆனால் பில் கலெக்டர், கேட்டில் வந்து கத்தும் கடன்காரர்கள், மழைக்கு ஒழுகும் ஷெட்டுக் கூரை, இவற்றையெல்லாம் நேருக்கு நேர், கண் கொட்டாமல் பார்ப்பார். கண்ணுக்கு ஏதாவது சக்தி இருந்தால் அங்கே உபயோகப்படட்டும் என்ற எண்ணம்போல. கூரை கடைசிவரை ஒழுகியது.

சில வருடங்களில் எனக்கு வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்தது. கடைசி நாள் மாலை, ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் கேட்டுக்கு வந்து என்னைச் சுற்றி நின்றார்கள். முதலாளி ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார். திருஷ்டி என் பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றினார், கயிற்றால் கட்டினார், கட்டு சரியாக இருக்கிறதா என்று இழுத்து இழுத்துப் பார்த்தார். “வரேன் அண்ணா” என்றேன். “உம்” என்றார் ஆட்டோ சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு. ஆட்டோ கிளம்பியது. திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் கையசைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் எனக்கு முதுகைக் காட்டி, காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தபடி நின்றார். ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை அவர் திரும்பவே இல்லை. அத்தனை பிரியம் அந்த மனிதருக்கு என் மேல்.